மாமனாருக்குக் காட்டிய ஊர்

போன மாதம் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினேன். கால் தரையில் பட்டு ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, நரைத்த மீசைக்கார ஆட்டோ டிரைவர் ஒருவர் என் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துவிட்டார்.

"டெம்பிள், ஆசிரமம், கிரிவலம், அல்லாம் ஒரே டிரிப்பு மேடம். நிதானமா காட்டிட்டு ரூம்ல உட்டுட்றேன்."

"எங்க ஊருங்க இது" என்றேன்.

"அப்படித்தான் மேடம் வர்றவங்க அல்லாரும் சொல்றாங்க. ஒரு வாட்டி வந்தாலே சொந்த ஊரு மாதிரி ஆயிடுதுனு."

அவர் மேல் தப்பில்லை. கறுப்புக் கண்ணாடி, ஓட்டப் பந்தயத்துக்குக் கிளம்பியவள் மாதிரி ஒரு ஷூ, தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்தில் இத்தனை வருஷம் குடியிருந்ததில் நாக்கில் ஒட்டிக்கொண்ட ஒரு தினுசான இழுப்பு. தேரடித் தெருவுக்குப் பின்னால் பிறந்து வளர்ந்தவள் என்று என் நெற்றியிலா எழுதி ஒட்டியிருக்கிறது? வீட்டுக்குப் போகிற வழி முழுக்க அவர் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். இது ராஜகோபுரம், அது தேர் நிக்கிற எடம். நானும் 'அப்படியா, அப்படியா' என்று கேட்டுக்கொண்டேன்.

ஆட்டோவின் முன்கண்ணாடியில் ஒரு கொத்து வேப்பிலை சொருகியிருந்தது. ஆடி மாதம். காற்றில் அந்தக் கசப்பு வாசனை பின் சீட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. அதுதான் என்னைப் பதினைந்து வருஷம் பின்னால் இழுத்துக்கொண்டு போயிற்று. இதே மாதிரி ஓர் ஆடியில், இதே ஊரை நானும் இரண்டு பேருக்குச் சுற்றிக்காட்டியிருக்கிறேன். அந்த ஆட்டோக்காரருக்குத் தெரிந்ததில் பாதிகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதுதான் வெட்கக்கேடு.

அந்த இரண்டு பேர் என் மாமனாரும் மாமியாரும். டர்பன்காரர்கள். நான் துபாயில் ஓர் ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்த்தபோது பழக்கமானவர் என் கணவர் லோகன். முழுப் பெயர் லோகநாதன்தான். ஆனால் தமிழ் என்று அவருக்குத் தெரிந்தது அந்தப் பெயர் மட்டும். நான்கு தலைமுறைக்கு முன்னால் கரும்பு வெட்டக் கப்பலேறிப் போன குடும்பம். போனவர் பெயர் முனுசாமி. எழுதிக்கொண்ட வெள்ளைக்காரன் காதில் 'மூன்சாமி' என்று விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து ஆண், பெண், குழந்தை பேதமில்லாமல் அத்தனை பேருக்கும் பின்னால் மூன்சாமி. கல்யாணப் பதிவில் கையெழுத்துப் போட்டதும் நானும் மூன்சாமி ஆனேன். "பொம்பளைக்கு முனுசாமினு பேரா?" என்று என் அம்மா ஒரு வாரம் சிரித்தாள்.

கல்யாணம் டர்பனில் நடந்தது. அப்பாவுக்கு பாஸ்போர்ட் கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆகவே சம்பந்திகள் ஒருவரை ஒருவர் முதன்முதலாகப் பார்த்தது அந்த ஆடியில்தான். லோகனுக்கு லீவு கிடைக்கவில்லை. இரண்டு பேரையும் நான் தனியாக அழைத்து வந்தேன். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் வாய் என்று இருந்தது என் வாய் ஒன்றுதான்.

மாமா சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல உயரம், அகலமான உள்ளங்கை, குறைவான பேச்சு. அதுவும் ஆங்கிலத்தில். இங்கே நான் தமிழில் சொல்லிக்கொண்டு போகிறேன். மாமியார் நேர் எதிர். வீட்டில் பேன்ட், கோயிலுக்கு மட்டும் புடவை. "சம்பந்தியம்மா பேன்ட்டு போட்டுக்கினு கோலத்த வேற தாண்டிப் போறாங்க" என்று அம்மா என் காதில் சொன்னாள். ஆனால் மாமியாருக்குக் கொஞ்சம் தமிழ் வரும். சின்ன வயசில் வீட்டுப் பெரியவர்கள் குழந்தைகளை அதட்டிய தமிழ். அதனால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் கட்டளைகள். 'உக்காரு', 'சாப்புடு', 'கைய கழுவு'. வந்த முதல் நாளே, வாசலில் கைகட்டி நின்ற என் அப்பாவைப் பார்த்து அன்பொழுக, "உக்காரு!" என்றார்.

அப்பா சட்டென்று உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஊரே 'வாங்க, போங்க' என்றுதான் பேசும். நான் பதறிப்போய் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். "சும்மா இரு. நல்லாத்தான் இருக்குது" என்றார்.

அவர்கள் கோயில் பார்க்க மட்டும் வரவில்லை. மாமாவின் கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருந்தது. அதற்குள் ஒரே ஒரு தாள், கப்பல் பதிவேட்டின் நகல். பெயர் மூன்சாமி, வயது பத்தொன்பது, அப்பன் பெயர் சின்னத்தம்பி, இடது புருவத்தில் தழும்பு, தாலுகா திருவண்ணாமலை. ஊர் என்ற கட்டத்தில் இருந்ததை அத்திப்பட்டு என்றும் படிக்கலாம், ஆத்திப்பட்டு என்றும் படிக்கலாம். பாதி எழுத்தில் மை ஊறியிருந்தது. மாமா அந்தத் தாளைப் பதினோரு வருஷமாக வைத்திருந்தார். என்னை அவர் மகன் கட்டிக்கொள்ளப் போகிறான், நான் திருவண்ணாமலைக்காரி என்று தெரிந்த அன்று அவர் சொன்ன முதல் வார்த்தை, "அப்படியானால் உனக்கு அந்த ஊர் தெரிந்திருக்கும்" என்பதுதான். சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறியிருந்தார்.

அப்பா தாளை வாங்கி, நான் சொல்லச் சொல்லக் கேட்டார். "இந்தத் தாலுகாவுல எனக்குத் தெரியாத ஸ்டாப்பிங்கா? ரெண்டு நாள் குடுக்கச் சொல்லு" என்றார். தெருமுனையில் போய் ஒரு ஜெராக்ஸ் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த இரண்டு நாளும் ஊரைச் சுற்றிக்காட்டும் வேலை என் தலையில் விழுந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, எனக்கு இந்த ஊரைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று. கோயிலுக்குள் நான் போனதெல்லாம் பரீட்சைக்கு முதல் நாளும், பிரகாரத்தில் காற்றாட உட்கார்ந்து பொரி தின்னவும்தான். மாமியாரோ மூன்று வாரம் அசைவம் விட்டுவிட்டு வந்திருந்தார். ஒவ்வொரு சிலை முன்னாலும் நின்று, இது யார், அது யார் என்று கேட்டார். நான் முதல் இரண்டுக்கு உண்மை சொன்னேன். அதற்கப்புறம் கையில் கதாயுதம் வைத்திருந்த அத்தனை பேரையும் துவாரபாலகர் ஆக்கிவிட்டேன். ஆயிரங்கால் மண்டபத்தில் நிஜமாகவே ஆயிரம் தூண் இருக்கிறதா என்று மாமா கேட்டார். இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எண்ணியிருக்கிறேன் என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கே காது சுட்டது.

மறுநாள் காரில் கிரிவலப் பாதை. அடி அண்ணாமலையில் நிறுத்தி இளநீர் குடித்தோம். அங்கிருந்து பார்த்தால் மலை வேறொரு மலை மாதிரி இருக்கும். வீட்டு மாடியிலிருந்து பார்த்துப் பழகிய எனக்கு அது எப்போதும் பக்கத்து வீட்டுக்காரரைப் பின்பக்கத்திலிருந்து பார்ப்பதுபோல. சுற்றி முடித்துச் செங்கம் ரோட்டுக்கு வந்ததும், நிழலான ஒரு காபிக் கடையில் வெள்ளைக்காரர்கள் சிலர் கதர் ஜிப்பாவும் ருத்ராட்சமுமாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். மாமா அவர்களை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவர்களும் ஊரைத் தேடித்தான் வந்திருக்கிறார்களா?" என்று கேட்டார்.

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

அன்று சாயங்காலம் மாமா பெட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பிரித்து, உள்ளே இருந்ததை என் அப்பாவிடம் காட்டினார். காலியான ஒரு ஜாம் பாட்டில். சுத்தமாகக் கழுவி, காயவைத்து, மூடி இறுக்கியிருந்தது. அந்த ஊர் மண் எடுத்துப்போக. அப்பா பாட்டிலைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "நல்ல பாட்டிலு" என்று திருப்பிக் கொடுத்தார். அவர் முகம் சரியில்லை என்று எனக்குத் தோன்றியது. பஸ்ஸில் அலைந்த அசதி என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் நான் பின்பக்கம் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அப்பா வந்து நின்றார்.

"ஊரு கெடைக்கலம்மா."

"பரவால்லப்பா. சொல்லிடலாம்."

"பதினோரு ஊருக்குப் போயி கேட்டுட்டேன். தாலுகா ஆபீஸ்ல கேட்டேன். அப்படி ஒரு பேரே இல்லன்றாங்க. எந்தப் பக்கம் போச்சோ, எந்த ஊரோட சேந்துச்சோ." கொஞ்சம் நிறுத்தினார். "அந்தக் காலி பாட்டில அவரு திருப்பி எப்படிம்மா எடுத்துக்கினு போவாரு?"

நான் வாயைக் கொப்பளித்துத் துப்பினேன்.

"நம்ம ஏழுமலை ஊருக்குக் கூட்டிக்கினு போலாம். இன்னிக்கு அங்க கூழு ஊத்துறாங்க. அதான் அத்திப்பட்டு, அப்புறமா பேர மாத்திட்டாங்கனு சொல்லிடலாம். அவன்கிட்ட பேசிட்டேன்."

ஏழுமலை, அப்பாவோடு பல வருஷம் ஒரே பஸ்ஸில் டிரைவராக இருந்தவர். கீழ்பென்னாத்தூர் தாண்டி உள்ளே போகிற ஒரு கிராமம் அவருடையது. "அது பொய்ப்பா" என்றேன். "பொய்தான்" என்றார் அப்பா. "நீதான் சொல்லணும். எனக்கு இங்கிலீஷ் வராது."

வேன் போகும்போது வழியெல்லாம் மல்லாட்டைக் கொல்லைகள். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் மல்லாட்டை. விதைத்து முளைவிட்டு, சிவப்பு மண்ணில் பச்சைப் பொட்டு வைத்தமாதிரி இருந்தது. மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு வந்தார். மடியில் துண்டில் சுற்றிய பாட்டில்.

ஊருக்குள் நுழையும்போதே பம்பைச் சத்தம். மாரியம்மன் கோயில் முன்னால் அண்டாக்களில் கூழ் கொதித்து ஆறிக்கொண்டிருந்தது. வேப்பிலை, புளித்த கேழ்வரகு, வெங்காயம் எல்லாம் கலந்த வாசனை. அதுவரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூங்கி விழுந்த மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். டர்பனில் ஆடி மாதம் அவர்களும் இதைச் செய்கிறார்கள். 'பாரிட்ஜ் பிரேயர்' என்று அங்கே பெயர். வேன் நின்றதும் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் இறங்கிப் போய்விட்டார். தலையில் முந்தானையைப் போட்டு, ஒரு கொத்து வேப்பிலையை இடுப்பில் செருகிக்கொண்டு, அண்டா பக்கத்தில் நின்ற அம்மாளிடம் கையை நீட்டி, "குடு!" என்றார்.

அந்த அம்மாள் திகைத்துப்போய் அகப்பையைக் கொடுத்தாள். மாமியார் ஒரு வாய் குடித்துப் பார்த்து, "புளிப்பு இல்லே" என்று தீர்ப்புச் சொன்னார். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். "எந்த ஊருங்க இவங்க? நம்ம ஊரு ஆளாட்டமே பேசுறாங்க" என்றாள் ஒருத்தி. அப்புறம் ஒரு மணி நேரம் அவர்தான் ஊர்ச் சனத்துக்கெல்லாம் கூழ் ஊற்றினார். சொம்பை நீட்டிய பெரியவர்களைப் பார்த்து, "நில்லு! வரிசையா நில்லு!" நின்றார்கள்.

எங்களை ஏழுமலை மாமா ஏரிக்கரைப் பக்கம் கூட்டிப்போனார். அவருக்குக் கொஞ்சம் நாடக ஆசை உண்டு. அதை அப்பா மறந்துவிட்டார் போலிருக்கிறது. "ஆமாங்க, முன்னாடி இது அத்திப்பட்டுதாங்க. தோ, அந்த மேடு கீதே, அங்கதான் சின்னத்தம்பி வூடு இருந்திச்சினு எங்க தாத்தா சொல்லுவாரு. கொல்லையில ஒரு கெணறுகூட இருந்திச்சு. மாடு ரெண்டு சோடி."

அப்பா அவரை முறைத்தார். மாடு சம்பந்தமாக எந்த ஒப்பந்தமும் இல்லை.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் மொழிபெயர்க்க வேண்டும். முதல் வாக்கியத்தை எப்படியோ சொல்லிவிட்டேன். முன்னால் இந்த ஊருக்கு வேறு பெயர் இருந்ததாகச் சொல்கிறார் என்றேன். இரண்டாவது வாக்கியத்துக்கு வாய் வரவில்லை. கோயிலில் எத்தனையோ கதை அளந்தவள்தான். ஆனால் அந்த மேட்டைக் காட்டி 'உங்கள் வீடு' என்று சொல்ல நாக்கு எழவில்லை.

மாமா மேட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"இதுதானா?" என்று மெதுவாகக் கேட்டார். "நீ சொல். நீ என் வீட்டுப் பெண்."

அப்பாவின் ஆங்கிலம் டிக்கெட், சேஞ்ச், ஸ்டாப் அளவுதான். இரண்டடி தள்ளி நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குரலை மாற்றாமல், முகத்தை மாற்றாமல், வழக்கமாக மொழிபெயர்க்கிற தோரணையிலேயே சொன்னேன்: "இல்லை. இது அந்த ஊர் இல்லை. அந்த ஊர் கிடைக்கவில்லை. உங்களை வெறும் கையோடு அனுப்ப அப்பாவுக்கு மனசு வரவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள்."

மாமா ஏரியைப் பார்த்துத் திரும்பி நின்றார். தண்ணீர் அடியில்தான் கிடந்தது. ஒரு கொக்கு நின்றிருந்தது. இவர் கோபப்பட்டால் அப்பா தாங்கமாட்டார். அழுதாலும் தாங்கமாட்டார்.

"இரண்டு நாளும் உன் அப்பா வீட்டில் இல்லையே, எங்கே போயிருந்தார்?"

"தேடத்தான்."

"எத்தனை ஊர்?"

"பதினொன்று என்றார்."

"பஸ்ஸிலா?"

"பஸ்ஸில். பஸ் போகாத இடத்துக்கு நடந்து."

மாமா தலையை ஆட்டினார். "நான் கேட்டது அவருக்குத் தெரிய வேண்டாம். நீ சொன்னதும்" என்றார். பிறகு, "பத்தொன்பது வயசில் அந்தப் பையன் போனபோது அவனைத் தேடி யாராவது இரண்டு நாள் அலைந்தார்களோ என்னவோ. எனக்காக ஒருவர் அலைந்திருக்கிறார்" என்றார்.

நேராக அப்பாவிடம் நடந்துபோனார். அப்பாவின் இரண்டு கையையும் தன் பெரிய கைகளுக்குள் வைத்துக்கொண்டு, அந்த நான்கு நாளில் கற்றுக்கொண்ட ஒரே வார்த்தையைச் சொன்னார்: "சம்பந்தி." அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டு, என்னிடம், "பாத்தியா, நம்பிட்டாரு" என்றார்.

மாமா மேட்டில் ஏறி, முழங்கால் போட்டு உட்கார்ந்து, பாட்டில் நிறைய மண் எடுத்தார். அவசரமே இல்லை. கல் பொறுக்கிப் போட்டுவிட்டு, விரலால் தட்டித் தட்டி நிரப்பினார். ஏழுமலை மாமா மறுபடி மாடுகளைப் பற்றி ஆரம்பிக்கப் பார்த்தார். அப்பா அவர் கையைப் பிடித்து அழுத்தினார். திரும்பி வரும்போது மாமியார் கூழ் ஊற்றிய கையோடு வேனில் ஏறி, "நல்ல ஊரு" என்றார். மாமா அவரிடம் எப்போது சொன்னாரோ, சொல்லவே இல்லையோ, எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த ஊர்ப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. காரணம், அந்த ஊர்க்காரர்கள் ஏழுமலை மாமாவின் கதையை நம்பிவிட்டார்கள். அடுத்த வருஷம் மாமா கோயிலுக்குப் பெரிய அண்டா ஒன்று வாங்கிக் கொடுத்தார். ஆடித் திருவிழா நோட்டீசில் 'நமது ஊர் திரு. முனுசாமி அவர்கள், தென்னாப்பிரிக்கா' என்று அச்சடித்தார்கள். அப்பா அதை எனக்குத் தபாலில் அனுப்பிவைத்தார். மாமா அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்வார்கள். பேச்சு என்றா சொல்ல முடியும்? "சம்பந்தி, குட்?" "குட், குட். ரெயின்?" "நோ ரெயின் சம்பந்தி." அப்புறம் இரண்டு பக்கமும் சிரிப்பு. அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டிருப்பார்கள். நான் நடுவில் வந்து மொழிபெயர்க்கட்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று கைகாட்டுவார் மாமா.

அப்பா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. மாமா அடுத்த வருஷமே போனார். ஏரிக்கரையை வெட்டி ரோடு அகலமாகிவிட்டது. அந்த மேடு இருந்த இடத்தைத் தேடிப் பார்த்தேன், அடையாளம் தெரியவில்லை.

இந்தத் தடவை அம்மாவோடு பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் சொன்னாள். அப்பா தேடுவதை நிறுத்தவே இல்லையாம். கல்யாணம், காது குத்து, சாவு என்று எந்த ஊருக்குப் போனாலும் அங்கிருந்த பெரியவர்களிடம், "அத்திப்பட்டுனு இந்தப் பக்கம் ஏதாச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பந்தியில் உட்காருவாராம். "பொய் சொல்லிட்டமே, ஒரு நாளைக்கு நெசமாவே கண்டுபுடிச்சி சொல்லிடணும்னு இருந்தாரு மனுசன்" என்றாள் அம்மா.

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. போன வருஷம் டர்பன் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னார்கள். மூன்சாமி என்று எழுதி, பக்கத்தில் ஊர் என்ற இடத்தில் ஏழுமலை மாமாவின் ஊர்ப் பெயரை ஒரு பிழையில்லாமல் எழுதினான். நான் அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். திருத்தவில்லை.

அத்திப்பட்டோ, ஆத்திப்பட்டோ, அது எங்கேயாவது இருந்திருக்கத்தான் வேண்டும். இடது புருவத்தில் தழும்போடு ஒருவன் அங்கிருந்துதான் நடந்து போயிருக்கிறான். அந்த ஊரைத் தேடிக்கொண்டிருந்த கடைசி ஆள் என் அப்பா.